முதல் கோணல்

அவர் வாங்கி வந்த தர்பூசணி உள்ளே வெளுத்துக் கிடந்தால், உப்பைத் தூவிச் சாப்பிட்டு முடிப்பாரே தவிர, கடைக்காரியிடம் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கமாட்டார். ரங்கூன் தின்கன்ஜூன் சந்தைக்கு அவரோடு போனவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். மற்றவர்கள் தட்டிப் பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள், எடுத்ததை வைத்துவிட்டு வேறொன்றைத் தூக்குவார்கள். அவர் குவியலின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பிறகு ஒன்றைக் காட்டுவார். "அது வேண்டாம், இதைக் கொண்டு போங்க" என்று கடைக்காரியே இரக்கப்பட்டாலும், "காட்டியாச்சு" என்பார். அந்த "ஆச்சு"வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாங்கள் அவரைக் காக்கா என்று கூப்பிடுவோம். எங்கள் கடற்கரை முஸ்லிம் பேச்சில் காக்கா என்றால் அண்ணன். பர்மாக்காரர்களுக்கு அவர் ஸயா. வாத்தியாருக்கும் அதுதான் சொல், பயிற்சி கொடுப்பவருக்கும் அதுதான். அவர் வீட்டம்மாவை நான் லாத்தா, அதாவது அக்கா, என்பேன். லாத்தா ஒருநாள் மீனை அரிந்துகொண்டே சொன்னார்: "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு, சரின்னு ஒரு வார்த்தை சொன்னாரு தம்பி. அன்னிக்கு வேண்டாம்னு வாயில வந்திருந்தா, இன்னிக்கு நாலு புள்ளை பெத்தப்புறமும் வேண்டாம்னுதான் சொல்லிக்கிட்டு இருப்பாரு." காக்கா பக்கத்தில்தான் இருந்தார். மறுக்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த வேலை ஆள் எடுப்பது.

தொண்ணூறுகளில் ரங்கூனில் கம்பெனிகள் மழைக்காளான் போல முளைத்தன. மரம் விற்கும் கம்பெனி, சிமென்ட் இறக்கும் கம்பெனி, கப்பலில் பருப்பு ஏற்றும் எங்கள் கம்பெனி. முதலாளிமார் நாலு பேர் சேர்ந்து, ஆளுக்கொரு கூடைப்பந்து டீம் வைத்துக்கொண்டு, பையன்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து ஆடவிட்டார்கள். நான் எங்கள் கம்பெனியில் குடோன் கிளார்க். மாலையில் ஆட்ட மேஜையில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுவேன். காக்கா எங்கள் டீமுக்குப் புது ஆள் பொறுக்கிக் கொடுப்பவர். அவர் இளவயதில் நன்றாக ஆடியவர் என்று சொல்வார்கள். நான் பார்த்ததில்லை.

ஆரம்பத்தில் நல்ல பையன் ஒருவன் தென்பட்டால் நாலு கம்பெனியும் அவன் வீட்டு வாசலில் போய் நிற்கும், சண்டை வரும். மரக் கம்பெனி முதலாளி எங்கேயோ அமெரிக்க ஆட்டத்து வீடியோ கேசட் பார்த்துவிட்டு வந்து ஒரு வழி சொன்னார். அங்கே போன வருஷம் கடைசியில் வந்த டீம்தான் இந்த வருஷம் முதலில் ஆள் எடுக்குமாம். நாமும் அப்படியே செய்வோம் என்றார். அதிலிருந்து வருஷத்துக்கு ஒருநாள் புதுப் பையன்களை எல்லாம் மைதானத்தில் ஓடவிட்டு, குதிக்கவிட்டு, பந்து போடவிட்டு, பிறகு டீம்காரர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து முறைவைத்து எடுத்தார்கள். அதற்கு செலக்‌ஷன் என்று பெயர்.

அமெரிக்காவில் இதை எப்படி முடிப்பார்களோ தெரியாது. எங்கள் ஊரில் லப்பெ சாப்பிட்டு முடித்தார்கள். லப்பெ என்பது ஊறவைத்த தேயிலை. அரக்குத் தட்டில் நடுவே தேயிலையும் சுற்றிலும் வறுத்த பூண்டு, எள், வேர்க்கடலையும் வைத்துக் கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் பர்மாவில் வழக்கு தீர்ந்தால் இரண்டு கட்சியும் ஒரே தட்டில் லப்பெ எடுத்துச் சாப்பிடுமாம். சாப்பிட்டுவிட்டால் தீர்ப்பை ஒப்புக்கொண்டதாக அர்த்தம், அதற்குமேல் பேச்சே கிடையாது. செலக்‌ஷனிலும் அதுதான் சட்டம். லப்பெ சாப்பிட்ட பிறகு எடுத்த ஆளைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது. திருப்பித்தான் ஆகவேண்டுமென்றால், தட்டைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் எல்லார் முன்னாலும் "நான் தப்பாக எடுத்தேன்" என்று சொல்லவேண்டும். சொன்ன நிமிஷத்திலிருந்து அந்தப் பையன் அந்த டீமுக்கு ஆடமுடியாது. சொன்னவருக்கு மறுபடி மேஜையில் இடம் கிடையாது. காக்காவுக்காகவே எழுதிய சட்டம் மாதிரி இருக்கிறது என்று நான் கேலி செய்வேன். அவருக்கு அது கேலி என்றே புரியாது.

ஆட்டக்காலம் முடிந்தால் எங்களுக்கெல்லாம் இன்னொரு ஆட்டம் தொடங்கும். டீக்கடையில் குட்டி முக்காலிகளைப் போட்டுக்கொண்டு, யார் யாரை எடுத்தார்கள், எடுத்த ஆள் தேறினானா, விட்ட ஆள் எங்கே போனான் என்று கிளறுவோம். பின்புத்தி எல்லாருக்கும் உண்டு, எனக்குக் கொஞ்சம் கூடுதல். "அன்னிக்கே சொன்னேன்" என்று ஆரம்பிப்பேன். அன்றைக்கு ஒன்றும் சொல்லியிருக்கமாட்டேன். காக்கா டீயைச் சாஸரில் ஊற்றி உறிஞ்சிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்பார்.

அதிகம் கிளறப்பட்டவன் முனியாண்டி. அலோன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகன். பர்மாப் பையன்கள் அவன் பெயரை வாயில் போட்டு மென்று மௌங் நீ ஆக்கிவிட்டார்கள். எங்களுக்கு முனி. அவனை மாதிரி உயரத்தை நான் நம் ஆட்களில் பார்த்ததில்லை. பஸ்ஸில் கழுத்தை மடக்கிக்கொண்டுதான் நிற்பான். அந்த வருஷம் நாங்கள் கடைசியில் வந்திருந்ததால் முதல் முறை எங்களுக்கு. எதிரே சீனத்தெருவிலிருந்து வந்த, மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பையன், எங்கிருந்து எறிந்தாலும் பந்தை வளையத்தில் போட்டுக்கொண்டிருந்தான். உலகமே அவனைத்தான் எடுக்கும். காக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார், பிறகு முனியைக் காட்டினார். மரக் கம்பெனிக்காரர் சிரித்தேவிட்டார். அடுத்த முறை அவருடையது. கண்ணாடிப் பையனை அவர் அள்ளிக்கொண்டு போனார்.

கண்ணாடிப் பையன் முதல் வருஷமே ஊருக்குச் செல்லப்பிள்ளை ஆகிவிட்டான். காலண்டரில் அவன் படம் வந்தது. முனி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். உள்ளே விட்டால் தன் கால் தடுக்கித் தானே விழுந்தான். "முதல் கோணல் முற்றும் கோணல்" என்றேன் நான், டீக்கடையில், எல்லாரும் கேட்கும்படி. பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு முனி வந்தாலே "முதல் கோணல் வருது" என்பார்கள். அவனும் சிரிப்பான். காக்கா மட்டும் சிரிக்கமாட்டார். "அவனுக்கு ஆட்டம் வரும். எடுத்தாச்சு, பாத்துக்கலாம்" என்பார். வார்த்தையைக் காப்பாற்ற முனியைவிட அவர்தான் அதிகம் பாடுபட்டார். அதிகாலையில் அலோனுக்கு பஸ் பிடித்துப் போய், துறைமுகச் சுவரில் கரிக்கோடு போட்டு அவனைக் குதிக்கவிட்டார்.

மூன்றாம் வருஷம் முனிக்கு ஆட்டம் வந்தது. நான் ஸ்கோர் மேஜையில் இருந்து பார்த்தவன், சும்மா சொல்லக்கூடாது. வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்து எதுவானாலும் அவன் கைக்குத்தான் போனது. கண்ணாடிப் பையனே அவனைச் சுற்றிக்கொண்டு ஓடவேண்டியதாயிற்று. நாங்கள் ஃபைனலுக்கு வந்தோம், மரக் கம்பெனிக்கு எதிராக. எங்கள் முதலாளியை ஊஜீ என்போம், பெரியவர் என்று அர்த்தம். அந்த ஊஜீ காக்காவின் தோளில் கைபோட்டுப் பேசினார். காக்கா ஒருவழியாக நிமிர்ந்து நடந்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த வாரத்தில்தான் நாங்கள் பஸ் மாறி ஏறினோம். கம்பெனி வேலையாக டவுனுக்குப் போகவேண்டியவர்கள், பேச்சு சுவாரசியத்தில் வடக்கே போகும் பஸ்ஸில் ஏறிவிட்டோம். கொஞ்ச தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "எறங்கிடலாம் காக்கா" என்றேன். "ஏறியாச்சு" என்றார். நான் வாய்விட்டே திட்டினேன். ஷ்வேப்யிதாவில், ஃபாக்டரிகள் இருக்கிற தெருவில், பஸ் எங்களை இறக்கிவிட்டது.

அங்கே ஒரு ஃபாக்டரி வாசலில் காவல்காரன் ஒருவன் எழுந்து நின்று, "ஸயா!" என்று கூப்பிட்டான். எழுந்து நின்றான் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். ஒரு காலை நீட்டியபடியே வைத்து, கதவைப் பிடித்து, உடம்பை மேலே இழுத்தான். அந்தக் கால் மடங்கவே இல்லை. பார்த்தால் ஸோ. காக்கா முதன்முதலாக எடுத்த பையன். எலி மாதிரி சந்து பொந்தில் நுழைந்து ஓடுவான். அவன் ஆடிய வருஷம் நாங்கள் கோப்பை வாங்கினோம். அடுத்த வருஷம் அவன் காணாமல் போனான், மலேசியா போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். நாங்களும் நம்பிவிட்டோம்.

"ஃபைனலுக்கு முன்னாடியே முட்டி போயிருச்சு ஸயா" என்றான் ஸோ. "ஊஜீகிட்ட சொன்னேன். ஊசி போட்டுக்கிட்டு ஆடு, அப்புறம் பாத்துக்கலாம்னாரு. அலோன்ல ஒருத்தர் போடுவாரு. போட்டா வலியே தெரியாது, காத்துல பறக்கற மாதிரி இருக்கும். வலி தெரியாததால நான் நல்லா ஓடிட்டேன்." சிரித்தான். எங்களுக்கு டீ வாங்கிக்கொடுத்தே தீருவேன் என்று அடம் பிடித்தான். காக்கா டீயைச் சாஸரில் ஊற்றினார், குடிக்கவில்லை. டீக்கடையில் அத்தனை வருஷம் கிளறியும், நாங்கள் ஒரு தடவைகூட ஸோவின் காலைப் பற்றிப் பேசியதில்லை. கோப்பையைப் பற்றித்தான் பேசியிருந்தோம்.

ஃபைனலுக்கு முந்தின நாள் பயிற்சி. மைதானத்தில் உடை மாற்றும் அறை மாடியில் இருந்தது. காக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"படியைப் பாரு தம்பி" என்றார்.

பையன்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு திமுதிமுவென்று இறங்கினார்கள். முனி கடைசியாக வந்தான். மேலே யாரிடமோ பேசுகிற மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டு, கையைச் சுவரில் வைத்து, ஒவ்வொரு படியிலும் இடது காலை முதலில் வைத்து, வலது காலைப் பிறகு கொண்டுவந்து சேர்த்தான். குழந்தைகள் இறங்குவார்களே, அப்படி. தரைக்கு வந்ததும் கையைத் தட்டினான், ஓடினான், குதித்தான். பார்த்தவர்கள் யாரும் சந்தேகப்பட்டிருக்கமுடியாது.

"எத்தினி நாளா?" என்றேன்.

"பத்து நாளா பாக்கறேன். நேத்து அலோன்ல அந்த ஊசிக்காரன் வீட்டுலேருந்து இவன் வெளியே வந்தான். என்னைப் பாக்கல. எறங்கறப்ப நொண்டினான், தெருமுனைக்கு வந்ததும் நேரா நடந்தான்."

"அவன்கிட்டப் பேசுங்க" என்றேன்.

"கேட்டா இல்லம்பான். அப்பாவுக்கு முதுகு போயிருச்சு. இவன் சம்பளத்துலதான் அடுப்பு எரியுது. அதுக்குமேல, மூணு வருஷம் கோணல் கோணல்னு கேட்டவன். நாளைக்கு நிமிர்ந்து நிக்கப்போறான். வுட்டுக்குடுப்பானா?"

"ஊஜீகிட்ட சொல்லுங்க."

"ஸோவும் ஊஜீகிட்டதான் சொன்னான்" என்றார். மைதானத்தில் முனி எகிறிப் பந்தைப் பிடித்தான், எல்லாரும் கைதட்டினார்கள். காக்கா அவன் இறங்கும் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மூன்று வருஷமாக இந்த ஊர் முழுக்க அவரைப் பார்த்துச் சிரித்தது. நாளைக்கு முனி ஆடினால் சிரித்த வாய்கள் எல்லாம் மூடிக்கொள்ளும். அவர் பேசாமல் இருந்தாலே போதும், ஒன்றும் செய்யவேண்டாம். அவர் பேசாமல் இருந்துவிடுவாரோ என்று நான் பயந்தேன். அதை இப்போது சொல்வதில் வெட்கமில்லை, யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள்.

ஃபைனல் அன்று ஆட்டத்துக்கு முன்னால் நாலு கம்பெனிக்காரர்களும் மேடையில் உட்கார்ந்து டீ குடித்துக் கைகுலுக்குவது வழக்கம். இரண்டு டீம் பையன்களும் கீழே வரிசையாக நிற்பார்கள். வெயில் இறங்கியிருந்தது, ஆனாலும் சிமென்ட் தரை சுட்டுக்கொண்டிருந்தது. வரிசையின் கடைசியில் முனி. அவன் மிகவும் நன்றாக நின்றான். இரண்டு காலும் நேராக, முகத்தில் வலியின் சுவடே இல்லாமல். ஊசி போட்டாகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

காக்கா எழுந்தார். லொஞ்ஜிக் கைலியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, பர்மா மொழியில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "முனியை எடுத்ததில் நான் தவறிவிட்டேன்."

யாருக்கும் விளங்கவில்லை. ஊஜீ டீக்கோப்பையோடு திரும்பி, "எதில் தவறினாய்?" என்றார்.

"அவனுக்கு ஆட்டம் வரவில்லை. இனி வரவும் வராது. உயரத்தைப் பார்த்து ஏமாந்துவிட்டேன். திருப்பிக் கொடுக்கிறேன்."

கீழே பையன்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஊஜீயின் முகம் சிவந்தது. "மூன்று வருஷம் இவனே சரி என்றாய். இவன்தான் நம்மை இங்கே கொண்டுவந்திருக்கிறான். குடித்திருக்கிறாயா?" என்று கேட்டார். வாழ்நாளில் டீயைத் தவிர எதையும் தொடாத மனிதரிடம் கேட்ட கேள்வி. அப்போது முனி வரிசையை விட்டு முன்னால் வந்தான்.

"ஸயா, நான் ஆடுறேன்" என்றான் தமிழில். அவனுக்குப் பர்மாதான் சரளம். காக்காவிடம் மட்டும் தமிழில் பேசுவான். "இன்னிக்கு ஆடிக் காட்டுறேன். ஆடினப்புறம் சொல்லுங்க."

"வராதுடா உனக்கு" என்றார் காக்கா.

"ஸயா..."

"மரம் மாதிரி வளந்திருக்க. அவ்வளவுதான் உன்கிட்ட. வேற ஒண்ணும் இல்ல."

அவர் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை. முனியின் வாய் திறந்தபடி நின்றது. ஊஜீக்கு ஒரு யோசனை தோன்றியது. "பையன் ஆடுகிறேன் என்கிறான். இன்றைக்கு ஆடட்டும். தப்பா சரியா என்பதை நாளைக்குப் பேசலாம்" என்றார். நல்ல யோசனைதான், யாருக்கும் அது சரியாகத்தான் படும். முனி ஏற்கெனவே தலையாட்டத் தொடங்கிவிட்டான்.

காக்கா ஊஜீயைப் பார்க்கவில்லை. மரக் கம்பெனிக்காரரைப் பார்த்தார். முனி ஆடாவிட்டால் கோப்பை யாருக்கோ, அவரைப் பார்த்தார். அந்த ஆள் ஒன்றும் முட்டாள் இல்லை. டீக்கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மிகவும் வருத்தப்படுகிற குரலில், "லப்பெ தின்றவர்கள் நாம். சொன்ன நிமிஷத்திலிருந்து என்றுதான் சட்டம். மீறி ஆடினால் நாங்கள் களத்தில் இறங்கமாட்டோம்" என்றார். மற்ற இரண்டு கம்பெனிக்காரர்களும் ஆமாம் என்றார்கள். காக்கா ஏன் முதல் நாளே சொல்லாமல் அந்த மேடைக்காகக் காத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முனி போய்விட்டான். சட்டையைக்கூட மாற்றவில்லை. நாங்கள் படுதோல்வி அடைந்தோம், ஸ்கோரை எழுதியவன் நான்தான். ஊஜீ காக்காவை மறுநாளே கம்பெனியிலிருந்து கழற்றிவிட்டார். செலக்‌ஷன் மேஜையில் அவர் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார். லாத்தா இடியாப்பம் பிழிந்து விற்க ஆரம்பித்தார்.

முனியை வேறு டீம்கள் கூப்பிட்டுப் பார்த்தன. அவன் போகவில்லை. சில மாதம் வீட்டிலேயே கிடந்தான். அவன் தங்கச்சி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தையல் ஃபாக்டரிக்குப் போனாள். அதைக் கேள்விப்பட்ட அன்று நான் நேராகக் காக்கா வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன்.

"கால் போயிடும்னுதான் சொன்னேன்னு இப்பவாவது அவன்கிட்ட சொல்லுங்க. ஆட்டம் வராதுன்னு நெனச்சு அந்தப் புள்ளை குமையுது."

"சொல்லியாச்சு தம்பி."

"சொன்னது பொய் காக்கா!"

"பொய்யா இருந்தாலும் சொன்னது நான்தானே" என்றார். லாத்தா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு காக்காவே மெதுவாகச் சொன்னார்: "ஆட்டம் வரும், கால்தான் சரியில்லன்னு தெரிஞ்சா, நாளைக்கே வேற டீம்ல ஊசி போட்டுக்கிட்டு நிப்பான். ஆட்டம் வராதுன்னு நம்பினாத்தான் அந்தக் காலை வச்சிருப்பான். நீயும் சொல்லாதே." நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கோபத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

கம்பெனி டீம்கள் சில வருஷத்தில் ஒவ்வொன்றாகக் கலைந்தன. கண்ணாடிப் பையன் வெளிநாட்டுக்குப் போய்விட்டான். டீக்கடையில் பழைய கதை கிளறுவது மட்டும் நிற்கவில்லை. "நம்ம ஸயா எடுத்ததுல ஒண்ணாவது தேறிச்சா?" என்பார்கள் புதிதாக வந்தவர்கள். ஒருத்தன் வாசலில் காவல் இருக்கிறான், ஒருத்தன் கப்பலில் சமைக்கிறான், முதல் கோணலைத் திருப்பியே கொடுத்துவிட்டார் என்று எண்ணிச் சிரிப்பார்கள். காக்கா அங்கேயே உட்கார்ந்து டீயை உறிஞ்சுவார். எனக்குக் கையில் இருக்கும் டம்ளரை எடுத்து எறியலாம் போல இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை அவர் ஷ்வேப்யிதாவுக்கு பஸ் ஏறுவார், ஸோவைப் பார்க்க. அலோன் பக்கம் மட்டும் போகவே மாட்டார்.

ஆனால் ஒருநாள் போகவேண்டி வந்தது. அவர் மருமகன் அனுப்பிய ஒரு பெட்டி படகில் வந்திருந்தது, தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவருக்குத் தாடி முழுக்க நரைத்துவிட்டது, எனக்கு மண்டை வழுக்கை. அலோன் படகுத்துறையில் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தபோது கிரேன் கூண்டிலிருந்து ஏணி வழியாக ஒருவன் இறங்கினான். அந்த உயரத்தை வேறு யாரென்று நினைக்கமுடியும்? இறங்கி நேராக எங்கள் முன்னால் வந்து நின்றான். நான் காக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்லா இருக்கீங்களா ஸயா?"

"ம்."

"உங்களை எங்கயாவது பாத்தா ஒண்ணு கேக்கணும்னு இத்தினி வருஷமா இருந்தேன்." முனி இன்னும் கிட்டே வந்தான். "அன்னிக்கு அத்தினி பேர் முன்னாடி சொன்னீங்களே. நெஜமாவே எனக்கு ஆட்டம் வரலையா? எனக்கு ஒரு மவன் இருக்கான். பந்தைத் தூக்கிக்கிட்டு வர்றான். நம்ம ரத்தத்துல அது இல்லடான்னு சொல்லி நான் புடுங்கி வெக்கிறேன். அது சரிதானா? சொல்லுங்க."

இப்பவாவது சொல்லித் தொலையுங்களேன் என்று நான் மனத்துக்குள் கத்தினேன். காக்காவின் உதடு அசைந்தது. முனியின் முகத்தைப் பார்த்தார், பிறகு அவன் காலைப் பார்த்தார்.

"முட்டி வலிக்குதா?" என்றார்.

"என்னது?"

"இடது முட்டி."

"இல்ல."

"ஏணி எறங்கும்போது?"

"இல்ல ஸயா."

"மழைக்காலத்துல?"

"இல்லன்னு சொல்றேன்ல!"

"சரி" என்றார் காக்கா. தாடியைத் தடவினார். அவர் கண் கலங்கியிருந்தது. "மவனை ஆட வுடு" என்று சொல்லிவிட்டு, பெட்டியையும் மறந்து, திரும்பி பஸ் நிற்கும் பக்கம் நடந்தார்.

முனி என்னிடம் பொரிந்தான். "பாத்தீங்களா? நான் என்ன கேக்கறேன், இவர் என்ன பேசறார்? அன்னிக்கும் இப்படித்தான், மரம் மாதிரின்னு..." நின்றுவிட்டான். குனிந்து தன் காலைப் பார்த்தான்.

"இடதுன்னு அவருக்கு யார் சொன்னா?" என்றான். "நான் யார்கிட்டயும் சொல்லலியே. எங்க அம்மாவுக்கே தெரியாது."

"யாரும் சொல்லல" என்றேன். "நீ படி எறங்கறதைப் பாத்தாரு."

"எப்போ?"

"ஃபைனலுக்கு முன்னாடி."

அவன் முகம் என்னவோ ஆனது. உதட்டைக் கடித்துக்கொண்டான். அங்கே பஸ் வந்து நின்றிருந்தது, காக்கா கம்பியைப் பிடித்து ஒரு காலை மேலே வைத்துவிட்டார். முனி ஓடினான். கயிற்றுச் சுருள்களைத் தாண்டி, மூட்டை சுமக்கிறவர்களை இடித்து விலக்கிக்கொண்டு, "ஸயா, ஸயா" என்று கத்திக்கொண்டே, அந்த நீளக் கால்கள் இரண்டையும் முழுசாக வீசிப் போட்டு ஓடினான்.